பெரிய ஏரிக்கு ஒரு கணக்கு நோட்டு: காவிரி டெல்டாவுக்கான முழுமையான வழிகாட்டி

வீராணம் ஏரிக்கரையில் நின்று, நீர்மட்டம் 47.50 அடி என்று எழுதியிருப்பதைப் படிக்கும் வெளியூர்க்காரர்கள் ஏரி அவ்வளவு ஆழம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். சுமார் 16 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் அந்த ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. ஆனால் பெரும்பகுதியில் ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்பதில்லை. டெல்டாவின் பெரிய ஏரிகளெல்லாம் இந்தச் சாயலில்தான் இருக்கின்றன. அவற்றைக் குடம் என்று நினைப்பதைவிடத் தாம்பாளம் என்று நினைப்பது சரியாக இருக்கும். தாம்பாளத்துத் தண்ணீர் வெயிலில் விரைவாகச் சூடேறும், விரைவாக வற்றும், அடியில் ஒரு விரல் வண்டல் படிந்தாலும் கொள்ளளவில் அது பெரிய பங்கைத் தின்றுவிடும். உலகம் வெப்பமாவதும் மழை முறை தவறிப் பெய்வதும் ஆழமான மலை ஏரிகளைவிட நம் ஏரிகளை முந்திக்கொண்டு தொடுவதற்கு இதுவே காரணம்.

1992 முதல் 2020 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு உலகின் சுமார் 2,000 பெரிய ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நீரிழந்துவிட்டன என்று கண்டது. இயற்கை ஏரிகளில் வெப்பமும் மனிதர் எடுக்கும் நீரும் முதன்மைக் காரணங்கள். கரை கட்டித் தேக்கிய நீர்நிலைகளிலோ வண்டல் படிவதே கொள்ளளவுக் குறைவுக்குப் பெரிய காரணம். நம்முடையவை கரை கட்டிய ஏரிகள் என்பதால், இந்த வழிகாட்டியில் வண்டலுக்கு மற்ற எதையும்விட அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஊராட்சிகளும் பாசன சங்கங்களும், ஏரிக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடிவிட்டு எங்கே தொடங்குவது என்று திகைக்கும் இளைஞர் குழுக்களும் இதைப் பயன்படுத்தலாம். ஷட்டரைத் திருப்பும் அதிகாரம் நீர்வளத்துறையிடம் இருந்தாலும், கணக்கு எழுதும் உரிமையை எவரும் தடுப்பதில்லை. நீர், வண்டல், சத்து ஆகிய மூன்றுக்கும் வரவு செலவு எழுதப்பட்ட ஏரியில் ஆபத்து முதலில் நோட்டில் தெரியும்; கண்ணுக்குத் தெரிவது பிறகுதான்.

முதற்படி: வாயும் வடிகாலும்

சித்திரை, வைகாசியில் ஏரி குறுகிக் கிடக்கும்போது கரை முழுவதையும் ஒருமுறை நடந்துவிட வேண்டும். பெரிய ஏரியென்றால் மூன்று நான்கு நாள் காலை நேரங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். நீர் நுழையும் ஒவ்வோர் இடத்தையும் வெளியேறும் ஒவ்வோர் இடத்தையும் கைப்பேசியில் இருப்பிடக் குறியுடன் படமெடுத்து, மதகின் எண், ஷட்டரின் நிலை, அடிப்பலகையின் மட்டம் ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

வீராணத்தை எடுத்துக்கொண்டால், கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருவது ஒரு வரவு. மேற்கே அரியலூர் மாவட்டப் பக்கமிருந்து செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை போன்றவை மழைக்காலத்தில் திடீரென்று கொண்டுவந்து கொட்டுவது இன்னொரு வரவு. முன்னது ஷட்டருக்குக் கட்டுப்படும். பின்னது எவருக்கும் கட்டுப்படாது. செலவுப் பக்கத்தில் 34 பாசன மதகுகள், சென்னைக்குச் செல்லும் குழாய், சேத்தியாத்தோப்பு வழியாக வெள்ளாற்றுக்கும் லால்பேட்டையிலிருந்து வெள்ளியங்கால் ஓடைக்கும் போகும் உபரி ஆகியவை உள்ளன. உங்கள் ஏரி வடுவூராக இருந்தாலும் கரைவெட்டியாக இருந்தாலும், கட்டுப்படும் வரவு எது, கட்டுப்படாத வரவு எது என்ற பிரிவினையை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வரும் எல்லாத் தீர்மானங்களும் அதன்மேல்தான் நிற்கும்.

ஏரியின் எல்லையைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள பதிவேட்டோடும் புல வரைபடத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்கீழ் மனுக் கொடுக்கலாம். இதற்கு மேல் இதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஆக்கிரமிப்புச் சண்டையிலேயே முழு ஆற்றலையும் செலவழித்துவிட்டு, நடுஏரி மேடாவதைக் கவனிக்காமல் விட்ட ஊர்கள் உண்டு.

இரண்டாம் படி: நீர்க் கணக்கு

தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். கடைக்காரர் இரவு பெட்டியைக் கட்டும்போது செய்யும் கணக்குதான் இது. அலகுகளை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும். அந்த வீதத்தில், வழியிழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், வெறுமையாகக் கிடக்கும் வீராணம் நிரம்ப 17 நாள் ஆகும். 2004இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டப்படி சென்னைக்குச் செல்லும் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது நொடிக்குச் சுமார் 74 கன அடி.

இப்போது நோட்டில் எவரும் எழுதாத செலவுக்கு வருவோம். கோடையில் ஆவியாதல் நாளொன்றுக்கு 5 மி.மீ. என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 10 சதுர கி.மீ. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்கு 5 கோடி லிட்டர் மேலே போய்விடுகிறது. நொடிக்கு 20 கன அடி வீதம் இரவும் பகலும் திறந்து கிடக்கும் ஒரு மதகுக்கு இது சமம். அந்த மதகுக்கு ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) இல்லை, ஷட்டரும் இல்லை. வெப்பம் கூடக் கூட, காற்று வறளக் கூட, அதன் வாய் அகலமாகிக்கொண்டே போகும். ஆகவே, கோடைக்கென்று நீரை நிறுத்திவைக்கத் தீர்மானிக்கும் ஊர், நிறுத்திய நீரில் எவ்வளவு கைக்குத் திரும்பும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். அகலமாகப் பரவிய ஒரு மீட்டர் நீரைவிட, ஒரு மடுவில் ஒடுங்கிய மூன்று மீட்டர் நீர் நெடுநாள் நிற்கும்.

அளவுகோலைத் தினமும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். காலை ஆறு மணி நல்லது, அப்போது காற்றும் அலையும் அடங்கியிருக்கும். எங்கள் ஊர் ஏரியில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கரையைப் பலப்படுத்தும் வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அளவுகோலுக்குப் புதிதாக வண்ணம் பூசினார்கள். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பின் இரண்டு மாதங்களாகக் கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. எவரோ இரவில் மதகைத் திறக்கிறார்கள் என்று கீழ்மடைக்காரர்கள் மேல்மடைக்காரர்களைச் சந்தேகப்பட்டு, பேச்சு முற்றி, கோயில் கூட்டத்தில் கைகலப்பு வரை போய்விட்டது. கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு லஸ்கர் (மதகுகளைக் கவனிக்கும் பணியாளர்) வந்து, மதகின் அடிப்பலகையிலிருந்து மூங்கில் கழியால் அளந்து பார்த்து, பூஜ்யத்தையே அரை அடி தள்ளிப் போட்டு எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு சதுர கி.மீ. பரப்பில் அரை அடி என்பது ஐந்து மில்லியன் கன அடிக்கு மேல். மாறாத ஒரு கற்படியில் உங்களுக்கென்று ஒரு குறியைச் செதுக்கிவைத்துக்கொண்டு, ஆண்டுக்கொருமுறை அளவுகோலை அதனுடன் ஒத்துப் பாருங்கள்.

மட்டத்தைக் கொள்ளளவாக மாற்றும் அட்டவணை நீர்வளத்துறையிடம் இருக்கும். அது எந்த ஆண்டில் அளந்து தயாரித்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். பழைய அட்டவணையில் வண்டல் இல்லை. அதனால் இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும்.

மூன்றாம் படி: வண்டல் கணக்கு

வாய்க்கால் நீரில் எவ்வளவு மண் வருகிறது என்பதை அறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் கண்ணாடிப் புட்டியில், வாய்க்காலின் நடுவில், நீரோட்டத்தின் பாதி ஆழத்தில் நீரை முகந்து, இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த நீரை மெதுவாக இறுத்துவிட்டு, அடியில் நிற்பதை எடை தெரிந்த வடிதாளில் வடித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறு மின்னணுத் தராசில் நிறுக்க வேண்டும். காய்ந்த வண்டல் பார்ப்பதற்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் அளவுதான் இருக்கும். அரை கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஒரு சிட்டிகையைப் பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு 1,000 கன அடி வரும் வாய்க்காலில் லிட்டருக்கு அரை கிராம் என்றால், ஒரு நாளில் ஏரிக்குள் 1,200 டன்னுக்கு மேல் மண் நுழைகிறது. பத்து நாளில் 12,000 டன், அதாவது ஏறத்தாழ 10,000 கன மீட்டர். மூன்று யூனிட் (300 கன அடி) பிடிக்கும் டிப்பரில் அள்ளினால் 1,200 நடை. எல்லாமும் ஏரியிலேயே தங்கிவிடுவதில்லை. நுண்களிமண்ணில் ஒரு பங்கு மதகு வழியாக வயலுக்குப் போகும், அது வயலுக்கு நல்லதும்கூட. ஆனால் நீர் வேகம் இழக்கும் முதல் இடத்தில், அதாவது வாய்க்கால் ஏரியில் விழும் வாயில், பருமணலும் வண்டலும் விசிறிபோல் படிந்து திட்டாகி, அதன்மேல் நெய்வேலிக் காட்டாமணக்கு முளைத்து, சில ஆண்டுகளில் அது ஏரி என்பதே மறந்துபோகும்.

எல்லா வரவும் ஒரே மாதிரியான மண்ணைக் கொண்டுவருவதில்லை. நெடுந்தொலைவு வரும் ஆற்று நீர், தடுப்பணைகளில் தேங்கித் தேங்கி வருவதால், பெரும்பாலும் மெல்லிய வண்டலையே சுமந்திருக்கும். காட்டோடை அப்படியில்லை. மேட்டு நிலத்தில் ஒரே இரவில் பெய்யும் பெருமழை, உழுதுபோட்ட செம்மண்ணை அப்படியே வாரிக்கொண்டு வரும். பருவநிலை மாற்றத்தின் முக்கியமான அடையாளம், மொத்த மழை பெரிதாக மாறாமலேயே அது குறைந்த நாட்களில் கொட்டித் தீர்ப்பது. மண்ணரிப்பு மழையின் வேகத்தோடு வேகமாகப் பெருகுவது என்பதால், மழைமானியில் பெரிதாகத் தெரியாத மாற்றம் உங்கள் புட்டியின் அடியில் தெரிந்துவிடும். ஓடை வெள்ளத்தின் முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு புட்டி, மறுநாள் ஒரு புட்டி என்று எடுத்து ஒப்பிட்டால், ஆண்டின் வண்டலில் பெரும்பகுதி சில நாட்களிலேயே வந்துவிடுவது விளங்கும்.

'ஏரியை முழுவதும் தூர்வார வேண்டும்' என்ற கோரிக்கை ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் எழுகிறது. கோரிக்கை நியாயமானதே, ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லியன் கன அடி கொள்ளளவை மீட்க 28,317 கன மீட்டர் மண்ணை எடுக்க வேண்டும். அது சுமார் 3,300 டிப்பர் நடை. நூறு மில்லியன் கன அடியை மீட்க 3,30,000 நடை. டீசல் செலவு இருக்கட்டும், அத்தனை மண்ணைக் கொட்ட இடம் எங்கே? பெரிய ஏரியைப் பொறுத்தவரை வந்த வண்டலை வாருவதைவிட, வரும் வண்டலை வாசலில் நிறுத்துவதே நடக்கக்கூடிய வேலை என்பது என் கருத்து. ஓடை ஏரியில் சேருவதற்குச் சற்று முன்னே, நீர் அகன்று வேகம் குறையும்படி ஒரு பள்ளமான வண்டல் பொறியை அமைத்து, ஆண்டுதோறும் கோடையில் அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். மேலே ஓடைநெடுகக் கல்தடுப்புகள் வைப்பதும், ஓடைக்கரையில் நாணலையும் வெட்டிவேரையும் நடுவதும், மேட்டுநில உழவர்கள் சரிவுக்குக் குறுக்கே உழுவதும் சேர்ந்தால் பொறியின் சுமை குறையும். இதற்கு ஏரிக்கரை ஊர், ஓடை தொடங்கும் ஊரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். வேறு மாவட்டம், வேறு பயிர், வேறு கவலை என்பதால் இதுவே எல்லாவற்றிலும் கடினமான வேலை.

பகுதியாகத் தூர்வாரும்போது சில ஒழுங்குகளை விடாமல் பின்பற்ற வேண்டும். கரையின் அடியை ஒட்டி வெட்டவே கூடாது. அங்கே எடுக்கும் ஒரு கூடை மண் கரையின் பலத்திலிருந்து எடுப்பது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே கண்ட கண்ட இடத்தில் குழி போட்டால் அதில் நிற்கும் நீர் பாசனத்துக்கு வராது. அப்படித் தோண்டுவதானால், மீனும் பறவையும் கோடையைக் கடத்த ஒரே இடத்தில் மடுவாகத் தோண்டுங்கள். அடியில் இறுகியிருக்கும் களிப்படலத்தைத் துளைத்து மணலைத் தொட்டுவிட்டால் ஏரி ஓட்டைப் பானையாகிவிடும். எடுத்த வண்டலை வயலுக்குக் கொண்டுபோகலாம். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் அதைக் கட்டணமின்றி எடுக்க அரசு விதிகள் இடம் தருகின்றன. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறலாம். எத்தனை நடை, எந்தப் பகுதியிலிருந்து, யார் வயலுக்கு என்பதை நோட்டில் எழுதுங்கள். எழுதாத நடைகள் செங்கல் சூளைக்குப் போகும்.

நான்காம் படி: சத்துக் கணக்கு

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 1973இல் ஒரு சிற்றேரியை நடுவில் திரைபோட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கரிமமும் நைட்ரஜனும் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பச்சையாக மாறிற்று. மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம், ஏரிகள் ஏன் பாசி பிடிக்கின்றன என்ற நெடுநாள் சர்ச்சையை ஏறக்குறைய முடித்துவைத்தது.

நம் ஊருக்கு அதைக் கொண்டுவருவோம். ஐம்பது கிலோ டிஏபி உர மூட்டை ஒன்றில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. லிட்டருக்கு 35 மைக்ரோகிராம் பாஸ்பரஸைத் தாண்டிய ஏரியைச் சத்து மிகுந்து கெடும் ஏரி என்று வகைப்படுத்துவது உலக வழக்கம். அப்படியானால், ஒரு மூட்டையின் பாஸ்பரஸ் முழுதும் நீரில் சேர்ந்தால் 10 மில்லியன் கன அடி தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். வயலில் போட்டதெல்லாம் ஏரிக்கு வருவதில்லை. பெரும்பகுதி மண்ணிலேயே பிடிபட்டு, மண் அரிக்கும்போது வண்டலோடு வரும். ஆகவே வண்டல் பொறி நிறுத்துவது மண்ணை மட்டுமன்று. ஏரிக்குள் வடியும் ஊர்ச் சாக்கடைதான் கரைந்த வடிவில், பாசி உடனே உண்ணத் தயாராகப் பாஸ்பரஸைக் கொண்டுவருகிறது. ஊர்ச் சாக்கடை எந்த வாய்க்காலில் கலக்கிறது என்று தேடிப் பிடித்து, அதை ஏரிக்கு முன்னே கோரையும் சம்பும் வளர்ந்த ஒரு குட்டையில் தேக்கிவிடுவது செலவு குறைந்த வழி. ஜப்பானின் பிவா ஏரியில் 1977இல் செந்நிறப் பாசி பெருகியபோது, கரையோரக் குடும்பத்துப் பெண்கள் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைக் கைவிட்டுச் சோப்புக்குத் திரும்பும் இயக்கத்தை நடத்தினார்கள். 1980இல் அத்தகைய தூளுக்கு அங்கே தடையே நடைமுறைக்கு வந்தது. துணி துவைக்கும் துறையிலிருந்து ஒரு சட்டம் பிறந்தது.

தெளிவை அளக்க ஒரு பழைய எவர்சில்வர் தட்டு போதும். இருபது செ.மீ. அகலமுள்ள தட்டை நான்கு பங்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, நடுவில் துளையிட்டு, கல் கட்டி, முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தை மாதம் இருமுறை, நண்பகல் வாக்கில், நிழல் விழும் பக்கத்திலிருந்து பார்த்துக் குறிக்க வேண்டும். நம் ஏரியில் கலங்கல் வண்டலாலும் வரும் என்பதால், நீரின் நிறத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் இந்த அளவுக்குப் பொருளில்லை.

நீர் பச்சையாகத் தெரிந்தால் ஒரு கண்ணாடிச் சாடியில் முக்கால் பாகம் எடுத்து, ஓர் இரவு அசையாமல் வையுங்கள். பச்சை முழுதும் மேலே மிதந்து படலம் கட்டினால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கக்கூடும். அடியில் இறங்கினால் பெரும்பாலும் தீங்கில்லாத பாசி. நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு அழிவதில்லை, நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையிலுள்ள டொலிடோ நகரில் 4,00,000க்கும் மேற்பட்டவர்கள் குழாய் நீரைக் குடிக்கக்கூடாது என்று அறிவிக்க வேண்டிவந்தது இதனால்தான். வெப்பம் மிகுந்த, அசையாத நீரில் இந்தப் பாசி செழிக்கும். படலம் கண்ட நாளில் மாட்டை அந்தப் பக்கம் இறக்காமல், சுகாதாரத் துறைக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அழையாத விருந்தாளிகள்

ஆகாயத்தாமரை நல்ல சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிக்கும். பத்து சென்ட் பரப்பில் இருக்கும்போது பத்துப் பேர் ஒரு நாளில் எடுத்துவிடலாம். மூன்று மாதம் கழித்து அதுவே ஆறு ஏக்கருக்கு மேல். ஆகவே நோட்டில் 'முதலில் கண்ட நாள், இடம்' என்று ஒரு பத்தி இருக்கட்டும். எடுத்ததைக் கரையோரமே குவிக்காமல் ஏரியின் பக்கம் சாறு வடியாத தொலைவுக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அது உறிஞ்சிய சத்து முழுதும் அடுத்த மழையில் திரும்பிவிடும். இலை மூடினால் ஆவியாதல் குறையும் என்பது தவறான நம்பிக்கை, செடி தன் பங்குக்கு இன்னும் கூடுதலாகவே நீரை வெளியேற்றும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இதைத் தின்னும் கூன்வண்டுகளை விட்டுக் கட்டுப்படுத்தினார்கள். இந்தியாவிலும் 1980களிலிருந்து அவை விடப்பட்டுள்ளன. ஆனால் சாக்கடை வந்துகொண்டே இருக்கும் ஏரியில் வண்டு தின்பதைவிடச் செடி வேகமாக வளரும்.

மீன் குத்தகை ஒப்பந்தத்தில், தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடக்கூடாது என்று எழுத்தில் வையுங்கள். விக்டோரியா ஏரியில் 1950களில் விட்ட நைல் பெர்ச் மீன், அங்கு மட்டுமே வாழ்ந்த நூற்றுக்கணக்கான மீனினங்கள் மறையக் காரணமாயிற்று.

ஆறாம் படி: மட்டத்துக்கு ஒரு பஞ்சாங்கம்

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கும் என்று எழுதிவைத்துக்கொண்டு ஏரியை நடத்திய காலம் இருந்தது. 2018இல் ஜூலை 19, 2019இல் ஆகஸ்ட் 13, 2022இல் மே 24, 2024இல் ஜூலை 28 என்று தேதி முன்னும் பின்னும் ஓடுகிறது. எனவே ஒரே நாட்காட்டிக்குப் பதில் மூன்று எழுதிக்கொள்ள வேண்டும்: நேரத்தில் நீர் வரும் ஆண்டு, தாமதமாகும் ஆண்டு, வராத ஆண்டு. மூன்றிலும் எந்தத் தேதியில் எந்த மட்டம், அதற்குக் கீழே போனால் முதலில் எந்தச் செலவு நிற்கும் என்பதைத் தை மாதத்திலேயே, எவருக்கும் அவசரமில்லாத நேரத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

வராத ஆண்டுக்கு ஆரல் கடல் ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஆமு, சிர் ஆறுகளை 1960களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த அது துண்டு துண்டாயிற்று. முழு ஏரியையும் மீட்க இயலாது என்று தெரிந்தபின், கஜகஸ்தான் 2005இல் ஓர் அணையைக் கட்டி வடக்குத் துண்டை மட்டும் காப்பாற்றியது; அங்கே நீர் உயர்ந்து, உப்புக் குறைந்து, மீன் திரும்பியது. தெற்கைக் கைவிட்டது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் பற்றாக்குறையில் எதைக் காப்பது என்று முன்பே சொல்லாத ஊர், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். நம் ஏரியில் அந்தத் துண்டு பெரும்பாலும் ஆழமான மடுவும் அதை ஒட்டிய பறவைத் திட்டும்தான்.

வெள்ளப் பக்கம் இதற்கு நேரெதிர். வடகிழக்குப் பருவம் தொடங்கும் ஐப்பசியில் ஏரியை முழு மட்டத்துக்கு நிரப்பி வைப்பது உழவருக்கு நிம்மதி. அதே நேரத்தில் கட்டுப்படாத ஓடையில் வெள்ளம் வந்தால் வாங்கிக்கொள்ள இடமில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 செ.மீ.க்கு மேல் பெய்தது. அத்தகைய மழைக்கு முன்னே, வானிலை எச்சரிக்கை வந்த இரண்டு நாளில் ஏரியை அரை அடியாவது இறக்கிவைக்க வேண்டும். இறக்கும் நீர் கீழே உள்ள ஊர்களின் வயலில்தான் ஏறும் என்பதால், அவர்களுக்குத் தண்டோராவோ வாட்ஸ்அப் செய்தியோ திறப்பதற்கு முன்னே போய்ச் சேர வேண்டும். மழை கொட்டும் நள்ளிரவில் நிரம்பிய ஏரியைத் திடீரென்று திறப்பதைவிட, முந்திய பகலில் சிறுகத் திறப்பது யாருக்கும் நல்லது. இதில் உழவரும் பொறியாளரும் ஒத்துப்போவது அரிது. எச்சரிக்கை பொய்த்து மழை வராமல் போனால் இறக்கிய நீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் அதே தை மாதக் கூட்டத்தில் விடை எழுத வேண்டும்.

வெள்ள நாட்களில் கரைக்காவல் முறை வைக்கும்போது, வெளிப்புறச் சரிவில் கசியும் நீரை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு தெளிவாக இருந்தால் கொடி நட்டு, மணிக்கொருமுறை கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரையின் உள்மண் கரைகிறது என்று பொருள். உடனே துறைக்குச் சொல்லி, கசியும் வாயை அடைக்காமல், அதைச் சுற்றி மணல்மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே நீர் உயர்ந்து எதிரழுத்தம் கொடுக்கும்படி செய்ய வேண்டும். வாயை நேராக அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு வழி பார்த்துக்கொள்ளும். எலிவளை, நண்டுவளை, பட்டுப்போன மரத்தின் வேர்ப்பாதை ஆகியவையே இந்தக் கசிவுகளின் பழைய விலாசங்கள். கோடை நடையின்போதே அவற்றைக் குறித்துவைத்து அடைத்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: நோட்டு யாரிடம்

வீராணத்தை வெட்டிய காலமான முதலாம் பராந்தகனின் ஆட்சியிலேயே, உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலையால் தேர்ந்தெடுத்ததையும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று விலக்கியதையும் பதிவு செய்திருக்கின்றன. இன்றைக்கு 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அந்த இடத்தில் இருக்கின்றன. அவற்றில் நிலமுள்ள ஆயக்கட்டுதாரருக்குத்தான் குரல். மீன்பிடிப்பவரும், கரையில் மாடு மேய்ப்பவரும், கோரை அறுப்பவரும் ஏரியை நாள்தோறும் பார்ப்பவர்கள். சட்டம் சொல்லாவிட்டாலும் மாதக் கூட்டத்துக்கு அவர்களை அழையுங்கள். ஆகாயத்தாமரையை முதலில் கண்ட தேதி பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும்.

நோட்டை ஒருவரே எழுதட்டும், இன்னொருவர் மாதமொருமுறை அளவுகோலைத் தனியே படித்துச் சரிபார்க்கட்டும். இருவரும் வெவ்வேறு மடையைச் சேர்ந்தவர்களாக இருப்பது நல்லது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் பக்கத்தின் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரிலும், கரையோரத் தேநீர்க் கடையிலும் ஒட்டுங்கள். கடைசி மடையிலிருந்து சைக்கிளில் வருபவர் தேநீர் ஆறுவதற்குள் படித்துவிடும்படி, ஐந்தே வரிகளில், பெரிய எழுத்தில் இருக்கட்டும்: இன்றைய மட்டம், இந்த மாத வரவு, செலவு, புட்டியில் நின்ற வண்டல், தட்டு மறைந்த ஆழம்.